டாக்டரம்மா நடக்கச் சொன்னார்

ஓசூரில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு நாள் முழுவதும் மூன்று பாஷையாவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பால்காரர் கன்னடம் பேசுவார், காய்கறிக்காரம்மா தெலுங்கு பேசுவாள், பஸ் கண்டக்டர் தமிழில் சில்லறை கேட்பார். எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒன்று அதிகம். நான் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. சிப்காட் தொழிற்பேட்டையில் என் கணவருக்கு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகனுக்குப் பெண் எடுத்தது கிருஷ்ணகிரியில். அவர்கள் வீட்டில் தக்னி உருது. ஆகவே சம்பந்திகளான எங்கள் இருவருக்குள் ஏதாவது தர்க்கம் வந்தால் அது இரண்டு பாஷையில் நடக்கும். நான் தமிழில் கேட்பேன். அவர் உருதுவில் பதில் சொல்வார். கோபம் அதிகமானால் நான் உருதுவிலும் அவர் தமிழிலும் பேச ஆரம்பித்துவிடுவோம். அப்போது மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எங்களுக்குள் இதுவரை நடந்த தர்க்கங்களில் பெரியது, பிள்ளையுண்டான பெண் நடக்கலாமா, கூடாதா என்பதுதான்.

'இதில் தர்க்கம் செய்ய என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருந்தது. என் மருமகளுக்கு முதலில் தரித்த கரு இரண்டரை மாதத்தில் கலைந்து போயிற்று. அதற்கு முந்திய வாரத்தில் அவள் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். இந்தச் செய்தி ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்த சம்பந்தியம்மாளுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாளியை மறக்கவும் இல்லை.

மறுபடி மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் கிருஷ்ணகிரியிலிருந்து கட்டளைகள் வரத் தொடங்கின. மாடிப்படி ஏறக் கூடாது. குனியக் கூடாது. கையை உயர்த்தித் துணி உலர்த்தக் கூடாது. ஷிப்ட் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்காரக் கூடாது. வேலையை விட்டுவிட்டால் உத்தமம். அவள் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைச் சரி பார்க்கிறவள். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கட்டில். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் கட்டில். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் மனசிலும் அந்த வாளி இருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறாம் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்குள் இருந்தால் நல்லது. இவளுக்கு 158.

இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். கர்ப்ப காலத்துச் சர்க்கரையைப் பற்றி ஊரெல்லாம் பேச வைத்தவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், பிள்ளையுண்டான எல்லாப் பெண்களுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று விடாமல் சொல்லிவந்தார். 2007-இல் தமிழ்நாடு அரசாங்கம் அதை ஏற்று உத்தரவு போட்டது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இந்த முறையில் கிடையாது. விடியற்காலையில் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற கர்ப்பிணி பட்டினி கிடக்க வேண்டாமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்! அவர் பிறந்த தினமான மார்ச் 10-ஐத்தான் நம் தேசத்தில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். சம்பந்தியம்மாளும் அன்று வந்திருந்தார். நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கிற சில திரவங்கள் தாயின் உடம்பில் இன்சுலினுடைய வேலையைத் தடுக்கின்றன, அதனால் சிலருக்குச் சர்க்கரை ஏறிவிடுகிறது, அது குழந்தைக்கும் போய், குழந்தை அளவுக்கு மேல் பெருத்துவிடலாம், பிரசவம் சிரமப்படலாம், பிற்காலத்தில் தாய்க்கு நிரந்தரமாகவே சர்க்கரை வியாதி வர வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். "சாப்பாட்டைச் சரி செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு நடங்கள். இரண்டு வாரம் பார்ப்போம். குறையாவிட்டால் ஊசி போட வேண்டியிருக்கும்" என்றார்.

"நடப்பதா?" என்றார் சம்பந்தியம்மாள், மாடியிலிருந்து குதிக்கச் சொன்னதுபோல.

"ஆமாம் அம்மா. அசைகிற தசை இருக்கிறதே, அது இன்சுலினுடைய தயவை அதிகம் எதிர்பாராமல் தானே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரைக் கடையில் விற்காத மருந்து."

"முதல் பிள்ளை போயிடுச்சு, டாக்டரம்மா." சம்பந்தியம்மாளின் குரல் தழுதழுத்துவிட்டது. "வாளி தூக்கினா."

அந்த டாக்டரம்மாளுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறையப் பாதி, கரு உண்டாகும்போதே அதன் குரோமோசோம்களில் ஏற்பட்ட கோளாறினால் கலைகிறது. மாடி ஏறினதாலும் குனிந்ததாலும் அல்ல. உங்கள் பெண் எதுவும் தவறாகச் செய்யவில்லை" என்றார்.

அதைக் கேட்டு மருமகள்தான் முதலில் அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வாளியைச் சுமந்துகொண்டிருந்தவள் அவளல்லவா?

சரி, நடக்கலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. எங்கே நடப்பது?

ஆஸ்பத்திரியில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு பன்னிரண்டடி அகலம். காலை ஆறு மணிக்கு ஷிப்ட் பஸ்கள் வரும் நேரமாதலால் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். நாய்கள் தனி. சாயங்காலம் டீக்கடை வாசலில் ஆண்கள் கூட்டம். ஏழு மாதக் கர்ப்பிணி புர்கா போட்டுக்கொண்டு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தால், "வீட்டில் ஏதாவது சண்டையோ?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். என் மகனும், "வீட்டு வேலை செய்கிறாளே அம்மா, அது போதாதா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அண்டை வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. வீட்டு வேலையில் அலுப்பு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அடுப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பவளுக்குக் கால் வீங்குமே தவிர, நாடித் துடிப்பு ஏறாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவளுக்கு முதுகு வலிக்குமே தவிர, மூச்சு சீராக ஓடாது. வேலை எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்பதை வீடு தீர்மானிக்கிறது. நடை அப்படியல்ல. அந்த அரை மணி நேரம் அவளுக்கே சொந்தம். நம் வீடுகளில் பெண்களுக்கு இல்லாதது உழைப்பல்ல, அந்த அரை மணி நேரம்தான் என்று நான் மகனிடம் சொன்னேன். அவன் அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்!

சம்பந்தியம்மாள் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. "நம்ம பெண்களிலே இந்த வழக்கம் இல்லை, சம்தன்" என்றார். சம்பந்தியை அவர்கள் பாஷையில் 'சம்தன்' என்பார்கள்.

"நம்ம பெண்களில் என்றால்?"

"முஸ்லிம் வீட்டிலே."

அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் உம்ராவுக்குப் போய் வந்தவர். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"மக்காவில் சபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தீர்கள்?"

"ஏழு தடவை. முட்டி வலியோடே நடந்தேன். அல்லாஹ் தெம்பு கொடுத்தான்."

"ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம்?"

"அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று கூட வந்தவர் சொன்னார்."

"அப்படியானால் மூன்று கிலோமீட்டருக்கு மேலேயே நடந்திருக்கிறீர்கள். யாருடைய ஞாபகமாக?"

அவர் பதில் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல; தெரிந்ததால். ஹாஜரா அம்மையார் பாலூட்டுகிற தாய். கைக்குழந்தை இஸ்மாயீல் தாகத்தால் துடிக்க, தண்ணீர் தேடி அந்த இரண்டு குன்றுகளுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிற ஆணும் பெண்ணும் இன்றைக்கும் அந்த ஓட்டத்தை ஓடிக் காட்டுகிறார்கள். இதில் எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை தோன்றும். பச்சை விளக்குப் போட்ட இடத்தில் ஆண்கள்தான் ஓட்டமாகப் போக வேண்டும். பெண்கள் நடந்தால் போதும். ஓடினது என்னவோ ஒரு பெண்!

மர்யம் அம்மையாரின் கதையையும் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பிரசவ வலியில் இருக்கும்போது பேரீச்ச மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டதாகக் குர்ஆனில் வருகிறது. மரத்தை உலுக்குவது படுத்திருக்கிறவள் செய்கிற காரியமா?

சம்பந்தியம்மாள் நீண்ட நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வெளியிலே வேண்டாம். முதலில் வீட்டுக்குள்ளே" என்றார்.

கட்டிலில் படுக்க வைக்கிற வழக்கம் மார்க்கத்தினால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று யோசிக்கிறவர்களுக்குக் காஷ்மீரத்தில் நடந்த ஒரு விஷயம் உபயோகமாக இருக்கும். காத்லீன் ஓல்கா வாகன் என்ற ஆங்கில லேடி டாக்டர் ஸ்ரீநகரில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். கோஷாவுக்குள் இருந்த பெண்கள் பிரசவத்தில் படாத பாடு படுவதைக் கண்டார். இடுப்பெலும்பு மெலிந்து வளைந்து போயிருக்கும். குழந்தை வர வழி இருக்காது. ஆனால் அதே ஊரில், தால் ஏரியில் படகிலேயே வாழ்ந்த பெண்களுக்குப் பிரசவம் சுலபமாக ஆயிற்று. படகுக்காரிகள் நாள் முழுதும் வெயிலில் துடுப்புப் போடுகிறவர்கள். குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். கோஷாப் பெண்களுக்கு வெயிலும் இல்லை, அசைவும் இல்லை. வெயில் படாத உடம்பில் வைட்டமின் 'டி' குறைந்து எலும்பு மெலிந்துவிடுகிறது. 1928-இல் அந்த அம்மாள் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் படகுக்காரிகளும் முஸ்லிம்களே! இரண்டு கூட்டத்துக்கும் மார்க்கம் ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கு வயிற்றுப்பாட்டுக்காக வெளியே போக வேண்டியிருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு வீட்டுக்குள் இருப்பது கௌரவமாக இருந்தது.

ஆகவே நாங்கள் வீட்டுக்குள் ஆரம்பித்தோம். வாசற்படியிலிருந்து பின்கட்டு வரை பதினாறு அடி வைக்கலாம். மூன்று வேளையும் சாப்பிட்டுச் சிறிது நேரம் ஆனதும் பத்து நிமிஷம் நடை. ஒரு நாளைக்கு முப்பது நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் நூற்றைம்பது நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட யோசனையிலும், தடையேதும் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் வாரத்துக்கு இதே நூற்றைம்பது நிமிஷம்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை தொடர்ந்து தலை சுற்றாமல் நடந்தாள் என்றதும் சம்பந்தியம்மாளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு மணி. "இன்னும் ஏழு மணி பாக்கி இருக்கு, உட்காராதே!" என்று அவரே மகளை விரட்டும் நாளும் வந்தது.

எவ்வளவு வேகமாக நடப்பது என்பதற்கு டாக்டரம்மா ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சம்பந்தியம்மாள் கூட வருகிறவரையில் முதல் நிபந்தனைக்குக் குறைவே இல்லை!

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னார். ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்த அழுத்தம் மிஞ்சியிருப்பவர்கள் போன்றவர்களுக்கு இந்த நடை எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே யாரும் கிளம்பிவிட வேண்டாம். முதலில் கேளுங்கள்.

"நாங்கள் ஐந்து வேளை தொழுகிறோமே, அது போதாதா?" என்றும் நான் கேட்டுப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். கடமையான தொழுகை மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத். ஒவ்வொன்றிலும் ஒரு தடவை குனிந்து, இரண்டு தடவை தரையில் நெற்றி வைக்கிறோம். முப்பத்து நான்கு ஸஜ்தா! மூட்டுகளுக்கு நல்லது, முதுகுக்கும் நல்லது என்றார் டாக்டரம்மா. ஆனால் தொழுகை இபாதத். அதை அவசரமாக முடித்து மூச்சு வாங்க வைக்கக் கூடாது அல்லவா? வயிறு பெரிதான பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். நடைக்குப் பதில் தொழுகை என்றும், தொழுகைக்குப் பதில் நடை என்றும் கணக்குப் போட வேண்டாம் என்று சம்பந்தியம்மாளே முடிவு சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்ததில் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை 118-க்கு வந்திருந்தது. ஊசி வேண்டியதில்லை என்றார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ வேண்டாம் என்று சொன்னவர் யார் தெரியுமா? என் சம்பந்தியம்மாள்.

பிறகு வெளியே போகத் துணிந்தோம். பஜ்ருத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் ராமநாயக்கன் ஏரிப் பக்கம். ஓசூர்க் காலைக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; மார்கழியில் பல் கிட்டிப்போகும். புர்காவுக்குள் ஒரு ஸ்வெட்டர், காலில் என் மகன் வாங்கி வந்த பூட்ஸ். முதல் நாள் மூன்று பேர். எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளுக்கு நாலு மாதக் குழந்தை. மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு வந்தாள். அப்புறம் ஒரு தெலுங்குக்கார அம்மாள். தனியாகப் போனால் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆறு பேராகப் போனால் வழி விடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயசு வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் கிருஷ்ணகிரியில் 'சத்வாசா' நடந்தது. நம் பக்கத்து வளைகாப்பு மாதிரிதான். எல்லோரும் அவள் மடியை நிரப்பிவிட்டு, "படு, படு" என்றார்கள். அவள் சாப்பிட்டதும் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தனை கிழவிகளும் சம்பந்தியம்மாளைப் பார்த்தார்கள். அவர் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு மகளின் பின்னாலேயே போனார்.

இவ்வளவும் நடந்தபின் சுகப் பிரசவம் ஆயிற்று என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஆகவில்லை. ஒன்பதாம் மாதம் முடியும் தறுவாயிலும் குழந்தை தலையைக் கீழே திருப்பவில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார். "இத்தனை நடந்தும் கத்திதானே?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். நடந்தால் ஆபரேஷன் வராது என்று எங்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஊசி இல்லாமல் கடைசி வரை சமாளித்தோம். பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். பிறந்தவுடனே ஊரைக் கூட்டியது. அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாளே நர்ஸ் வந்து, "எழுந்து நிற்க வேண்டும்" என்றாள். சம்பந்தியம்மாளுக்கு இது புது அதிர்ச்சி. வயிற்றில் தையல் போட்டவளை நிற்க வைப்பதா? பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில், அதிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோகிற அபாயம் உண்டு. அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அசைவற்றுப் படுத்திருந்தால் அந்த அபாயம் அதிகம் என்று நர்ஸ் சொன்னாள். அவ்வளவுதான். ஒரு கையில் தாய், ஒரு கையில் நான். வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினோம். பதினொரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவள் அன்று நடந்த தூரத்தைவிடப் பெரிய தூரத்தை நான் யாரும் நடந்து பார்த்ததில்லை.

அப்புறம் நாற்பது நாள். 'சில்லா' என்கிறார்கள் அவர்கள் பாஷையில். இதைப் பற்றிப் படித்த பெண்கள் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். நான் பேசமாட்டேன். நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் போகாமல், எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற ஒருத்தி, ஹரீராக் கிண்ணத்தோடு ஒருத்தி, குழந்தையைத் தூக்க ஒருத்தி என்று ஒரு பெண்ணைச் சுற்றிப் பெண்கள் நிற்பது சின்ன விஷயமா? தனிக் குடித்தனத்தில், கணவன் ஆபீசுக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு அழுகிறவளைக் கேட்டால் தெரியும் அதன் அருமை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. பிரசவத் தீட்டு நிற்கும் வரையில், எங்கள் ஹனபி வழக்கப்படி அதிகபட்சம் நாற்பது நாள் வரை, தொழுகை இல்லை. நல்ல சலுகைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை எழுந்து, ஒளுச் செய்து, நின்று, குனிந்து பழகின உடம்பு திடீரென்று அதையும் இழந்துவிடுகிறது. சமையல் இல்லை, வேலை இல்லை, தொழுகையும் இல்லை. மிச்சம் இருப்பது கட்டில்தான். ஓய்வு வேறு, அசையாமல் கிடப்பது வேறு. மூன்றாவது வாரத்தில் மருமகள் காரணம் இல்லாமல் அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னோம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அழைத்து வாருங்கள், அதுவரை வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், வெயிலில் உட்காரட்டும் என்றார். சில்லாவில் இருக்கிறவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போவதா என்று மறுபடி ஒரு மாநாடு கூடிற்று. காதில் பஞ்சு, தலையில் துணி, காலில் ஸாக்ஸ் என்ற மூன்று நிபந்தனைகளோடு தீர்மானம் நிறைவேறியது. அதே மாடிப்படி! சம்பந்தியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். ஒரு வாரத்தில் அவள் முகம் தெளிந்தது. நடையினாலா, வெயிலினாலா, மேலே போனால் தாயும் மகளும் தனியாகப் பேச முடிந்ததாலா என்று எனக்குத் தெரியாது.

பெண்கள் வெளியே சொல்லாத இன்னொரு கஷ்டமும் உண்டு. தும்மினால், இருமினால் சிறுநீர் கசிவது. ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வருவதுண்டு. ஒன்பது மாதம் பாரம் தாங்கின தசை அல்லவா? பத்துப் பிள்ளை பெற்ற எங்கள் நன்னிமா இதை ஆயுள் முழுதும் அனுபவித்து, யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். சிறுநீரை அடக்குகிற தசையை உள்ளுக்குள் இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்துவிட்டுத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. உட்கார்ந்தபடியே செய்யலாம், பால் கொடுக்கும்போது செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம், பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது சம்பந்தியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை. பிள்ளை பிறந்ததோடு போய்விட்டது என்று பலர் இதைச் செய்துகொள்வதே இல்லை. இவளுக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

1961-இல் வந்த பிரசவச் சட்டத்தை 2017-இல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு இருபத்தாறு வார லீவு என்று ஆக்கினார்கள். அந்த லீவு முடிந்து மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பழையபடி பூதக்கண்ணாடிதான். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அவளும் இன்னும் நாலைந்து பெண்களும் ஷெட்டைச் சுற்றி நடக்கிறார்களாம். ஏரிக்கரைக் கோஷ்டி இப்போது பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் வருகிறாள், என் மகன் தோளில் உட்கார்ந்துகொண்டு.

சம்பந்தியம்மாள் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை போன் செய்தார்.

"சம்தன், இன்னிக்குச் சையத் பாஷா மலை அடிவாரம் வரைக்கும் நடந்து போய் வந்தேன். என்னோடு நாலு பேர். அதிலே ஒருத்திக்கு எட்டாம் மாசம்."

"டாக்டரைக் கேட்டுக்கொண்டுதானே நடக்கிறாள்?"

"நான்தானே கூட்டிக்கிட்டுப் போனேன்! அவ மாமியாருக்குத்தான் இஷ்டமில்லை. உம்ராவுக்குப் போய் வந்தவளாச்சே, நான் கேட்கிறபடி கேட்டேன். நாளைக்கு அவளும் வரேன்னு சொல்லியிருக்கா."